எட்டாம் இடத்து ரூஃபினா

எங்கள் தெருவில் ரூஃபினா அக்காவைப் போல் பந்தயத்தில் தோற்றவர்கள் யாரும் கிடையாது. இரண்டரை வருஷத்தில் ஏழு தடவை. ஏழும் கூடைப்பந்துதான், ஏழும் ப்ளே ஆஃப்தான், ஏழு தடவையும் எதிராளி அவளுடைய மருமகன் டெல்ஃபின்தான். ஒவ்வொரு தடவையும் அவள் பிடித்தது பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும் அணியை.

பந்தயம் பேசியதெல்லாம் என் கடை வாசலில் என்பதால் எனக்கு ஒன்றுவிடாமல் தெரியும். நவோடாஸ் மீன் துறைமுகத்துக்குப் போகிற பாதையில், கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வினிகரும் சோப்பும் ஒற்றைச் சிகரெட்டும் விற்கிறவள் நான். பெயர் பெலேன். என்னிடம் ஒரு சின்ன ரேடியோ உண்டு. ஆட்ட நாட்களில் அதை ஜன்னலில் வைப்பேன். அதனால்தான் ஆம்பிளைகள் அங்கே கூடுவார்கள்.

டெல்ஃபின் ரியாத்தில் நாலு வருஷம் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு, கம்பெனி மூடியதும் திரும்பி வந்தவன். கையில் கொண்டுவந்தது ஒரு இருபத்தோரு அங்குல டிவி. அட்டைப் பெட்டி கசங்காமல், ஏதோ கைக்குழந்தையைத் தூக்கிவருவதுபோல் விமான நிலையத்திலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்தான். அதற்குப் பிறகு நிலையான வேலை எதுவும் அமையவில்லை. துறைமுகத்தில் பெட்டி இறக்கப் போவான். ஒருநாள் கூப்பிடுவார்கள், மூன்று நாள் கூப்பிட மாட்டார்கள். மனைவி மிண்டா துணி ஆலையில் தைக்கிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அது அவனுக்கு முள்ளாகக் குத்தியது.

அவன் திரும்பி வந்த முதல் மழைக்காலத்தில், ரூஃபினா அக்கா மகள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினாள். அரைமணி நேரத்தில் அந்த மூட்டை டெல்ஃபின் தோளிலேயே அவள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. "எங்க வீட்ல அரிசி இருக்கு, நானாய்" என்று சொல்லி வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனான். நானாய் என்றால் அம்மா. மாமியாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். வீட்டில் அரிசி இல்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் மிண்டா என்னிடம் கால் கிலோ வாங்கியிருந்தாள்.

அன்று சாயங்காலம் டெல்ஃபின் என் ஜன்னலோரம் நின்று மொலாவே சிமெண்ட் அணியைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். எங்கள் நாட்டில் அணிகள் ஊர்களுடையவை அல்ல, கம்பெனிகளுடையவை. சிமெண்ட், பெயிண்ட், நூடுல்ஸ், மத்தி டின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அணி. வருஷத்துக்கு மூன்று தொடர், ஒவ்வொன்றின் கடைசியிலும் முதல் எட்டு அணிகளுக்குள் ப்ளே ஆஃப். மொலாவே சிமெண்ட்தான் முதலிடம். வினிகர் வாங்க வந்த ரூஃபினா அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அவங்களோட யாரு மோதறா?" என்றாள்.

"பெயிண்ட்காரனுங்க. அவனுங்கள விடுங்க நானாய், குப்பை."

"பாவம், அவங்களுக்கு யாருமே இல்லையா? சரி, நான் அவங்க பக்கம். ஒரு மூட்டை அரிசி பந்தயம். நீயும் ஒரு மூட்டை வை."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபினும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். பெயிண்ட் அணி இருபது புள்ளியில் தோற்றது. மறுநாள் அதே மூட்டை அதே தோளில் ஏறியது. இந்தத் தடவை அவன் சீட்டியடித்துக்கொண்டே தூக்கிப் போனான்.

அடுத்த ப்ளே ஆஃப் வந்தபோது ரூஃபினா அக்கா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள், "பெலேன், எட்டு அணியில எது ரொம்ப மோசம்?" நான் சொன்னேன். அந்த அணியின் பேரில் அவள் ஆறு கூரைத் தகடு தோற்றாள். சூறாவளி மிண்டாவின் கூரையைத் தூக்கிப் போட்டிருந்த சமயம் அது. மூன்றாவது தடவை தையல் மெஷினுக்கு மோட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரிக்கு வாய் இருந்தால் கடை இருக்காது.

தெருவில் அவளுக்கு 'எட்டாம் இடத்து ரூஃபினா' என்று பெயர் விழுந்தது. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இஸ்கோ அண்ணன் அவளைப் பார்த்தாலே, "அக்கா, இந்தத் தடவை யாருக்குச் சாவு மணி அடிக்கப் போறீங்க?" என்பார். அவளும், "உனக்குத்தான் அடிக்கலாம்னு இருக்கேன், ஆனா நீ எட்டாம் இடத்துக்குக்கூட வரலையே" என்பாள்.

எட்டாவது பந்தயத்தில்தான் சிக்கல் வந்தது.

அந்த வருஷம் டெல்ஃபின் மறுபடி சவுதிக்குப் போக ஏஜென்சியில் பெயர் கொடுத்திருந்தான். மிண்டா அம்மா வீட்டில் வந்து அழுதாள். நாலு வருஷம் கடிதத்திலேயே குடும்பம் நடத்தியாகிவிட்டது, இனி முடியாது என்றாள். ரூஃபினா அக்காவின் வீட்டுப் பின்பக்கம் அவள் புருஷன் விட்டுப்போன டிரைசைக்கிள் ஒன்று நின்றது. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பயணிகள் உட்காரக் கூண்டு பொருத்திய வண்டி. அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஆள் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் மூன்று மாசமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதை எடுத்துக்கொள் என்று அவள் மருமகனிடம் ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தாள்.

"வேணாம் நானாய். மாமியார் வண்டில சுத்தறான்னு தெருவே சொல்லும்" என்று சொல்லிவிட்டான்.

ஆகவே அவள் ப்ளே ஆஃபுக்காகக் காத்திருந்தாள். காலிறுதியில் முதலிடத்து மொலாவே சிமெண்டும் எட்டாம் இடத்து சிரேனா மத்தியும் மோத வேண்டும் என்று தெரிந்ததும் என் கடைக்கு வந்து செய்தித்தாளை வாங்கி, படிக்கத் தெரியாதவள்போல் என்னையே படிக்கச் சொன்னாள். சிரேனாவின் அமெரிக்க ஆட்டக்காரன் முழங்கால் ஒடிந்து ஊருக்குப் போய்விட்டான். மாற்று ஆள் கிடையாது. கூடவே இன்னொரு விதியும் உண்டு. முதலிடத்து அணி ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும், எட்டாம் இடத்து அணி இரண்டையும் ஜெயிக்க வேண்டும்.

"அப்ப இவங்க தோக்கறது உறுதிதானே?" என்றாள்.

"சிரேனா ஜெயிச்சா நான் இந்த ஜன்னலையே தின்னுடறேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. சாயங்காலம் டெல்ஃபின் வந்ததும் விஷயத்தைப் போட்டாள். "நான் சிரேனா பக்கம். என் வண்டிய வைக்கறேன்."

டெல்ஃபின் அவளையே பார்த்தான். "வண்டியா? அதுக்கு ஈடா வைக்க என்கிட்ட என்ன இருக்கு?"

"ஒரு கூடை முட்டை வை. போதும்."

"முட்டைக்கு வண்டியா? நான் என்ன பிச்சையா எடுக்கறேன்?" கொஞ்சம் யோசித்தான். "டிவிய வைக்கறேன்."

"டிவி எனக்கெதுக்குப்பா, நான் கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி எழுந்து துறைமுகத்துல மீன் ஏலத்துக்குப் போறவ."

"டிவின்னா பந்தயம். இல்லைன்னா இல்ல."

அவளுக்கு வேறு வழியில்லை. கை கொடுத்தாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. நான் ஜன்னலைத் தட்டிக் காட்டினேன்.

முதல் ஆட்டத்தில் சிரேனா ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. மொலாவேகாரர்கள் ஏற்கெனவே அரையிறுதிக்குப் போய்விட்டவர்கள்போல் சோம்பலாக ஆடினார்கள். சிரேனாவில் நோனோய் பகாரெஸ் என்று ஒரு குள்ளமான பையன். வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். அவன் எறிந்ததெல்லாம் உள்ளே போனது. என் ரேடியோவில் அறிவிப்பாளர் தொண்டை கட்டிக் கத்தினார். ரூஃபினா அக்கா கையில் உப்புப் பொட்டலத்தோடு அப்படியே நின்றாள்.

"வாழ்த்துகள் அக்கா" என்றார் இஸ்கோ அண்ணன். "ஏழு தடவை தோத்தவங்களுக்குச் சாமி கண்ணத் தொறந்துட்டாரு."

"இன்னொண்ணு ஜெயிக்கணுமில்ல?" என்று கேட்டாள்.

"ஆமா. ஞாயித்துக்கிழமை."

"அதுல தோத்துருவாங்கல்ல?"

அண்ணன் அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, "மாட்டாங்க அக்கா, கவலைப்படாதீங்க" என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு ஆட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. நானும் கடையை அடைத்துவிட்டு டெல்ஃபின் வீட்டுக்குப் போனேன். அறைக்குள் இருபது பேர், ஜன்னலுக்கு வெளியே அதற்கு மேல். மிண்டா ஒரு பெரிய தட்டில் நூடுல்ஸ் வைத்திருந்தாள், யாரோ வேகவைத்த கடலை கொண்டுவந்திருந்தார்கள். டெல்ஃபினைத் தவிர மொத்தத் தெருவும் சிரேனா பக்கம். ரூஃபினா அக்காவை எல்லோருக்கும் முன்னால், டிவிக்கு நேரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கையில் ஜெபமாலை. மணிகள் வேகமாக உருண்டன. தெருக்காரர்கள் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள். அவள் யாருக்காக ஜெபிக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மொலாவேகாரன் ஒருவன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியபோது அவள் கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டது.

கடைசி நிமிஷம்வரை மாறி மாறி முந்தினார்கள். எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு. மூன்று விநாடி பாக்கி. பகாரெஸை ஒருத்தன் இடித்துத் தள்ள, விசில் ஒலித்தது. பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் எறிய.

அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பகாரெஸ் பந்தைத் தரையில் மூன்று தரம் தட்டினான், வியர்வையைத் துடைத்தான், எறிந்தான். பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி, சுற்றி, வெளியே விழுந்தது.

அந்த அமைதியில் ரூஃபினா அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "தெய்வமே, நன்றி."

அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"தண்ணி... தாகமா இருந்துச்சு, தண்ணி குடிச்சேன், அதான்" என்றாள். அவள் கையில் ஜெபமாலைதான் இருந்தது.

இரண்டாவது பந்து வலையைத் தவிர எதையும் தொடாமல் உள்ளே போனது. மொலாவே கடைசியாக வீசியது பலகையில் மோதித் திரும்பியது. தெருவே இடிந்து விழுந்ததுபோல் சத்தம். நாற்காலியோடு அவளைத் தூக்கிவிட்டார்கள். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாருங்க, சந்தோஷத்துல அழறாங்க" என்றார் இஸ்கோ அண்ணன். அந்த அமளியில் டெல்ஃபின் மட்டும் அசையாமல் உட்கார்ந்து மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அவன் டிவியைப் போர்வையில் சுற்றித் தோளில் வைத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனான். மூன்று வீடு தள்ளித்தான். கூரைமேல் ஏறி ஆன்டெனாவைக் கட்டினான், படம் தெளிவாகத் தெரிகிறதா என்று நாலு தடவை இறங்கி வந்து பார்த்தான். அவள் பின்னாலேயே நின்று கெஞ்சினாள்.

"உங்க வீட்லயே இருக்கட்டும்பா. எனக்குப் பாக்கணும்னா நான் அங்க வரேன்."

"பந்தயம்னா பந்தயம்தான் நானாய்" என்றான். அந்த வாரம் முழுக்கவே அவன் யாரிடமும் அதிகம் பேசவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஏஜென்சியில் மருத்துவப் பரிசோதனை என்று மிண்டா வந்து சொன்னாள்.

ரூஃபினா அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரையிறுதி தொடங்குவதற்குள் இன்னொரு பந்தயம் வைத்துத் தோற்றாக வேண்டும். ஆனால் இப்போது யார் தோற்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரேனாவை நம்ப முடியாது. எதிரே வருவது நூடுல்ஸ் கம்பெனி. அதையும் நம்ப முடியாது. கூடைப்பந்தில் ஆர்வமே இல்லாத அந்த மனுஷி மூன்று செய்தித்தாள் வாங்கினாள். படிக்கத் தெரியாதவள் என்று நடித்ததெல்லாம் போய், யாருக்குக் கணுக்கால் வலி, யாருக்குக் காய்ச்சல் என்று விரல் வைத்துப் படித்தாள். கடைசியில் துறைமுகத்தில் இஸ்கோ அண்ணனையே ஓரங்கட்டிக் கேட்டுவிட்டாள்.

"இஸ்கோ, நிச்சயமா தோக்கப் போறது யாரு?"

"எல்லாரும் யாரு ஜெயிப்பாங்கன்னுதான் அக்கா கேப்பாங்க."

"நான் எல்லாரும் இல்ல. சொல்லு."

அண்ணனுக்கு ரகசியம் தங்காது. அன்று சாயங்காலத்துக்குள் அது டெல்ஃபின் காதுக்குப் போய்விட்டது.

அவள் என் கடைக்கு வந்து "நூடுல்ஸ் பக்கம் நிக்கலாமா, மத்தி பக்கமா?" என்று என்னிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவன் வந்தான். ஒரு சிகரெட் கேட்டான். எடுத்து வைத்தேன். காசையும் வைத்தான். சிகரெட்டை எடுக்கவில்லை.

"நானாய், ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"அந்தப் பையன் மொதப் பந்த விட்டப்ப எதுக்கு நன்றி சொன்னீங்க?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே, தண்ணி..."

"உங்க கையில தண்ணி இல்ல."

அவள் என் ஜன்னலில் இருந்த மிட்டாய் ஜாடியின் மூடியைத் திறந்து மூடினாள்.

"தோக்கற அணி எதுன்னு இஸ்கோ அண்ணன்கிட்ட கேட்டீங்களாம்" என்றான் டெல்ஃபின். குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்த அரிசி மூட்டை?"

"ம்."

"கூரைத் தகடு?"

"ம்."

"தையல் மோட்டாரு?"

"அதுல அந்தப் படுபாவிங்க ஜெயிச்சிருவாங்கபோல இருந்துச்சு. நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். டெல்ஃபின் சிரிக்கவில்லை.

"அப்ப நான் ஒண்ணுகூட ஜெயிக்கல."

"ஜெயிச்சப்பா. பந்த நானா போட்டேன்? அவனுங்க தோத்தானுங்க, நீ ஜெயிச்ச. நான் நிக்கற எடத்த மட்டும் பாத்து நின்னேன்."

"நான் அந்த மூட்டையத் தூக்கிட்டுப் போனப்ப எப்படிப் போனேன் தெரியுமா? நாலு மாசத்துல அன்னிக்குத்தான் என் கையால வீட்டுக்கு ஒண்ணு கொண்டுபோனேன்னு நெனச்சேன்." என் பக்கம் திரும்பினான். "அக்கா, உங்களுக்கும் தெரியுமா?"

நான் வினிகர் பாட்டில்களைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அவன் போய்விட்டான். சிகரெட் ஜன்னலிலேயே கிடந்தது.

ரூஃபினா அக்கா ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். "நேரா குடுத்தா வாங்க மாட்டேங்கறான். சுத்தி வளைச்சுக் குடுத்தாலும் தப்பாயிருது. நான் வேற எப்படித்தான் குடுக்கறது, பெலேன்?" என்றாள்.

அரையிறுதியின் முதல் ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. டிவி இப்போது ரூஃபினா அக்கா வீட்டில் என்பதால் தெரு அங்கே கூடியது. மிண்டா மட்டும் தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. ரூஃபினா அக்கா எல்லோருக்கும் வறுத்த மீன் வைத்தாள், ஆனால் டிவி பக்கம் திரும்பவே இல்லை. இடைவேளைக்குச் சிரேனா பதினைந்து புள்ளி பின்னால்.

அப்போது பின்பக்கமிருந்து ஒரு சத்தம். மோட்டார் ஒன்று இருமி, நின்று, மறுபடி இருமி, பிறகு பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மோட்டார் நின்றது. டெல்ஃபின் சமையலறை வழியாக உள்ளே வந்தான், முழங்கைவரை கிரீஸ்.

"ப்ளக் போயிருந்துச்சு" என்று மாமியாரிடம் சொன்னான். "செயின் முழுக்கத் துரு. வண்டிய இப்படியா போட்டு வைப்பாங்க? நானாய், நாளையிலேர்ந்து நான் ஓட்டறேன். தினவாடகைக்கு. எவ்ளோ?"

"வாடகையா? உன்கிட்டயா?"

"என்கிட்டத்தான். வாடகைக்குன்னு நீங்க ஒருதடவகூடக் கேக்கல."

அவள் சட்டையின் ஓரத்தால் கையைத் துடைத்தாள். முப்பது வருஷம் ஏலத்தில் நின்றவள். சமாளித்துக்கொண்டாள்.

"எம்பது பெசோ."

"முன்னாடி ஓட்டுனவன் நூத்திருபது குடுத்தான்."

"அவன் ஊரான். எம்பது."

"நூத்திருபது."

"வண்டி பழசு. ப்ளக் போச்சு, செயின் துருன்னு நீயே சொன்ன. சரி, தொண்ணூறு. அதுக்கு மேல ஒரு பைசா வாங்க மாட்டேன்."

"ப்ளக்க நான் மாத்திட்டேன், இப்ப நல்ல வண்டி. நூத்திருபது."

"இந்த மாதிரி பேரம் துறைமுகத்துல நடந்தா நானெல்லாம் எப்பவோ படகு வாங்கியிருப்பேன்" என்றார் இஸ்கோ அண்ணன். அறை முழுக்கச் சிரித்தது. மிண்டாவும் சிரித்தாள், அந்த வாரத்தில் முதல் தடவையாக.

"நூத்திருபது" என்று ரூஃபினா அக்கா ஒருவழியாக இறங்கி வந்தாள், இல்லை, ஏறி வந்தாள். "ஆனா ஞாயித்துக்கிழமை வாடகை கெடையாது. அது வழக்கம்."

டெல்ஃபின் சந்தேகமாக இஸ்கோ அண்ணனைப் பார்த்தான். "அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கு" என்றார். நான் நவோடாஸில் பிறந்து வளர்ந்தவள், அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. டெல்ஃபினுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு விநாடி யோசித்துவிட்டுத் தலையாட்டினான். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் ஒரு தட்டில் மீன் வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

"டிவிய எடுத்துட்டுப் போயேன்" என்றாள் மெல்ல.

"அது நீங்க ஜெயிச்சது. தோக்கணும்னு நெனச்சு ஜெயிச்சாலும் ஜெயிச்சதுதான். நாங்க இங்க வந்து பாக்கறோம்."

வியாழக்கிழமை மருத்துவப் பரிசோதனைக்கு அவன் போகவில்லை. அன்று காலை முழுக்கத் தெருவில் உட்கார்ந்து வண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். மிண்டா வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டு, அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

ஏழில் நாலு ஜெயிக்கிறவர்கள் இறுதிப் போட்டிக்கு. சிரேனா ஒன்றே ஒன்று ஜெயித்தது. ஐந்தாவது ஆட்டத்துக்கு முன்னால் டெல்ஃபின் மாமியாரைச் சீண்டினான்.

"பந்தயம் உண்டா நானாய்?"

"உண்டு. தோக்கறவங்க எல்லாருக்கும் மீன் கழுவி வறுக்கணும். நான் சிரேனா."

"நெஜமாவே சிரேனாவா? இல்ல எனக்காகவா?"

"உன் மூஞ்சிக்காக யாரு மீன் கழுவுவா? நெஜமாத்தான்."

நெஜம்தான். அன்று அவளைப் பார்த்திருக்க வேண்டும். பகாரெஸை மூன்று பேர் சூழ்ந்து நின்றபோது எழுந்து நின்றுவிட்டாள். நடுவர் விசில் ஊதாமல் விட்டபோது, துறைமுகத்தில் எடையில் ஏமாற்றுகிறவனைத் திட்டும் வார்த்தைகளையெல்லாம் டிவியைப் பார்த்துத் திட்டினாள். "நாலு அடி நடந்துட்டான் பந்தோட, நாலு அடி. நான் எண்ணுனேன்" என்றாள். இரண்டு மாசத்துக்கு முன்னால் அப்படி ஒரு விதி இருப்பதே அவளுக்குத் தெரியாது. டெல்ஃபின் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டான்.

சிரேனா இருபத்திரண்டு புள்ளியில் தோற்றது. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டெல்ஃபின் டிவியை அணைக்கக் கை நீட்டினான்.

"இரு. அணைக்காத" என்றாள். "அவங்க உள்ள போறவரைக்கும் இருக்கட்டும்."

சிரேனாக்காரர்கள் எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டு வரிசையாகப் போனார்கள். பகாரெஸ் கடைசியாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு காலை லேசாக இழுத்தபடி நடந்தான்.

"ரொம்ப மெலிஞ்சிருக்கான்" என்றாள் ரூஃபினா அக்கா. "அந்தக் கம்பெனியில இவங்களுக்கு வெறும் மத்தியவே போடறாங்களோ என்னமோ."

பிறகு எழுந்து கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள், மீன் கழுவ. கொஞ்ச நேரம் கழித்து டெல்ஃபின் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான்.